தோலோன் கணவாய்க்கு இருபது சதவீதம்

"வருஷத்துல முந்நூத்தம்பது நாள் நம்ம கார் எங்கே போகுது? பள்ளிக்கூடம், கிடங்கு, உங்க கட்டட வேலை, சந்தை, வீடு. எல்லாம் சேர்த்து அறுபது கிலோமீட்டர். மிச்சம் பதினஞ்சு நாளுக்காக மாசாமாசம் எண்ணாயிரம் சோம் பணத்தைக் கொண்டுபோய் பெட்ரோல் பங்க்ல கொட்டணுமா?" என்று சபீரா கேட்டாள்.

"அந்தப் பதினஞ்சு நாள்தான் நாளு," என்றான் அவள் கணவன் தாலாய். "கல்யாணம், சாவு, பிறந்த ஊரு. மத்ததுக்குத்தான் பஸ் இருக்கே."

"பஸ்ஸா? காலையில ஏழு மணிக்கு நம்ம திருப்பத்துல நின்னு பாருங்க, எது நிக்குதுன்னு."

பிஷ்கெக்கின் வடக்கு விளிம்பில், பாதி பூசிய சுவர்களுடைய அந்த வீட்டில், மூன்று வாரமாக இதே பேச்சு: பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டுக் கரண்ட் கார் வாங்குவதா வேண்டாமா என்று. சபீரா, தலைக்கு மேல் கம்பியிலிருந்து கரண்ட் வாங்கி ஓடும் ட்ராலிபஸ்ஸைப் பதினேழு வருடம் ஓட்டியவள். ட்ராலிபஸ்களை எடுத்துவிட்ட பிறகு ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறாள். மின்சாரத்தில் ஓடும் வண்டி என்றால் அவளுக்குப் பயம் இல்லை. குளிர்காலத்துக் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தாள். மாதம் ஆயிரம் சோமைத் தாண்டாது. தாலாயிடம் வேறு பட்டியல் இருந்தது. பேட்டரி செத்தால் என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. ஜனவரியில் கரண்ட் போனால் கார் முற்றத்தில் கிடக்கும். நாலு வருடம் கழித்து விற்கப்போனால் எவனும் சீந்தமாட்டான். கடைசியாக, ஒவ்வொரு முறையும் கடைசியாகச் சொல்வது: "இது தோலோன் ஏறுமா?"

ஏறும் என்று எர்மெக் சொன்னான். சீனாவிலிருந்து கார் இறக்கி விற்பவன். மூன்று வருடம் ஓடிய வெள்ளை நிறக் கார் அது. ஒருமுறை முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் நானூறு கிலோமீட்டர் என்றான். இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் சொல்லுங்கள், இன்னொருவர் ரொக்கத்தோடு காத்திருக்கிறார் என்றான். அதற்குள் அவர்களுடைய பழைய ஜப்பான் காரை மதிப்புப் போடுவதற்காக வாங்கி வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டான்.

அந்த நிலையில்தான் சனிக்கிழமை மாலை தொலைபேசி வந்தது. தோலோன் கணவாய்க்கு அப்பால், ஓன்-ஆர்ச்சாவில், தாலாயின் பெரியப்பா சூயுன்பை இறந்துவிட்டார். மறுநாள் நண்பகல் தொழுகை முடிந்ததும், ஒன்றரை மணிக்கு எடுக்கிறார்கள். நகரத்தில் இருந்த உறவினர்கள் ஒரு வேனை நிரப்பிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்கள். அசில்கான் அத்தையை அழைத்துவரும் பொறுப்பு தாலாய் தலையில் விழுந்தது. இறந்தவருக்குக் கூடப்பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

"அத்தைக்குத் தெரியாது," என்றது தொலைபேசியில் குரல். "உடம்புக்கு முடியலைன்னு மட்டும் சொல்லியிருக்கோம். வழியில கோச்கோர்ல குபாட் வீட்ல வச்சு முறைப்படி காதுல போடுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

ரத்த உறவுக்குச் சாவுச் செய்தியைப் போகிற போக்கில் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடியிருக்க, உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். காரில் வைத்துச் சொன்னார்கள் என்று பேர் வந்தால் அது மூன்று தலைமுறைக்குப் போகாது.

தாலாய் தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெள்ளைக் காரைப் பார்த்தான்.

"வந்துடுச்சு பார் உன் பதினஞ்சு நாள்ல ஒண்ணு," என்றான்.

*

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டார்கள். பைகளையும் போர்வைகளையும் பின்னால் திணித்தபோது திரையில் நூறு சதவீதம். இருநூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர். எட்டு மணி நேரம் கையில் இருந்தது. நல்ல நாளில் ஐந்து போதும்.

அசில்கான் அத்தை பின் இருக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயது, நெசவு ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். பேச்சில் யாரையும் விட்டுவைக்கமாட்டாள்.

"டேய் தாலாய், இது ஓடுதா நிக்குதா? ஒரு சத்தத்தையும் காணோம்."

"ஓடுது அத்தை."

"உன்னை மாதிரியே இருக்கு. வீட்ல இருக்கியா இல்லையான்னு சபீராகிட்ட கேட்டாத்தான் தெரியும். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வையி, முட்டி ரெண்டும் கட்டையாப் போச்சு."

தாலாய் கூட்டி வைத்தான். பக்கத்தில் இருந்த சபீராவின் கண் திரையில் எண் மாறுவதைப் பார்த்தது. பெட்ரோல் வண்டியில் சூடு என்பது எஞ்சின் வீணாக்குவதில் ஒரு பங்கு, யாருக்கும் செலவில்லை. இங்கே அது பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. ட்ராலிபஸ்ஸிலும் அப்படித்தான். ஆனால் அங்கே தலைக்கு மேல் கம்பி இருந்தது.

ஹீட்டரைக் குறைக்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஏன் என்பாள் அத்தை. தூரம் போதாது என்றால், நின்று நிதானமாகப் போகலாமே, என்ன அவசரம் என்பாள். அவசரம் என்ன என்பதைச் சொல்லக்கூடாது. காருக்குள் இருபத்து நாலு டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.

போம் பள்ளத்தாக்கில் காற்று எதிர்த்து அடித்தது. முன்னால் போன லாரியை ஒவ்வொரு தடவையும் தாலாய் வேகமெடுத்து முந்தினான், பிறகு பிரேக் போட்டான், மறுபடி வேகமெடுத்தான்.

"மெதுவா மிதிங்க," என்றாள் சபீரா தணிந்த குரலில். "காலை எடுத்தாலே வேகம் குறையும், கரண்டும் திரும்பி வரும்."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியும்."

"இந்தக் காரை ஓட்டத் தெரியாது."

"என்ன அங்கே குசுகுசுன்னு?" என்றாள் அத்தை. "புருஷன் பொண்டாட்டி ரகசியமெல்லாம் வீட்ல வச்சுக்கங்க. சூயுன்பை அண்ணனுக்கு என்னதான் ஆச்சாம்? நெஞ்சா, வயிறா?"

இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். தாலாய் நெஞ்சு என்றான். சபீரா வயிறு என்றாள்.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "வயசாச்சுன்னா எல்லாம்தான் வரும்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பலிக்சியை அடைந்தபோது எட்டரை. திரையில் நாற்பத்தொன்று. அங்கே பெட்ரோல் பங்க் ஓரத்தில் வேகமாக ஏற்றும் சார்ஜர் ஒன்று இருந்தது. முன்னால் நின்ற டாக்சிக்காரர் அப்போதுதான் முடித்துக் கிளம்பினார். அதிர்ஷ்டம் என்று நினைத்தாள் சபீரா. முக்கால் மணி நேரம் நின்றால் எண்பதைத் தாண்டிவிடும். எண்பது இருந்தால் ஓன்-ஆர்ச்சா வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

பத்து நிமிடத்தில் அத்தை கண்ணாடியைத் தட்டினாள்.

"இந்த நாத்தத்துல எதுக்குடா நிக்கிறோம்? ஒரு மணி நேரத்துல குபாட் வீடு. சொந்தக்காரன் வீட்ல பிளக் இல்லையா? இங்கே காசு கொடுத்து வாங்கணுமா? டீ வேணும் எனக்கு."

"இன்னும் அரை மணி நேரம், அத்தை," என்றாள் சபீரா.

"குபாட் அண்ணன் பட்டறையில மூணு ஃபேஸ் லைன் இருக்கு," என்றான் தாலாய். "வெல்டிங் மெஷினே ஓடுது. அங்கே எப்படியும் நின்னுதானே ஆகணும்? ரெண்டு இடத்துல நிக்கிறதுக்கு ஒரு இடத்துல நிப்போம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். கோச்கோரில் செய்தி சொல்ல ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் கார் சும்மா நிற்பதைவிடச் சார்ஜ் ஏறட்டுமே. ஊரில் யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள். சொந்தம் இருக்கும்போது பங்க்கில் காசைக் கொடுத்துக் கால் கடுக்க நிற்பவன் கஞ்சன் என்றோ, சொந்தத்தோடு சண்டை என்றோதான் அர்த்தம். சபீரா கேபிளைக் கழற்றினாள். ஐம்பத்தைந்து.

*

கோச்கோரில் குபாட் வாசலிலேயே நின்றிருந்தார். தாலாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் முகத்தைப் பார்த்தபடியே அத்தை காரை விட்டு இறங்கினாள். கொல்லையில் ஆடு ஏற்கெனவே அறுத்தாகிவிட்டது. தோல் பனியின் மேல் விரித்துக் கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் மூன்று பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். குபாட்டின் மனைவி மைரம் அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனாள்.

சபீரா பின்தங்கினாள். "அண்ணே, பட்டறை லைன் எங்கே?"

"அதை ஏன் கேக்கறே? டிசம்பர்லயே கட் பண்ணிட்டாங்க, குளிர்காலம் முடியட்டும்னு. வீட்டு பிளக் இருக்கு, தாராளமாப் போட்டுக்கோ."

போட்டாள். ஊர் முழுக்க ஹீட்டர் ஓடுகிற நேரம். குபாட் வீட்டு பல்பு அணையப்போகும் பீடி போல எரிந்துகொண்டிருந்தது. கார் ஐந்து நிமிடம் கரண்ட் எடுத்தது, மின்னழுத்தம் போதவில்லை என்று நிறுத்திக்கொண்டது. சபீரா கேபிளைப் பிடுங்கி, கரண்ட் எடுக்கும் அளவைக் குறைத்து வைத்து மறுபடி செருகினாள். இந்த முறை நிற்கவில்லை. முப்பத்தேழு சதவீதம். ஒரு சதவீதம் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

உள்ளே போனபோது தட்டுகளில் ரொட்டியும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும் பரப்பியிருந்தன. பெரியவர் ஒருவர் வானிலை பற்றிப் பேசினார். இன்னொருவர் ஆடுகளின் விலை பற்றி. அத்தை தேநீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள், இரண்டாவது கிண்ணம் கேட்டாள், மூன்றாவது கேட்டாள். பத்தே கால், பத்தரை. தாலாய் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். யாரும் அவசரப்படுத்த முடியாது.

மூன்றாவது கிண்ணத்தை அத்தை கவிழ்த்து வைத்தாள். குபாட் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அத்தை..."

"எப்போ?" என்றாள் அவள்.

"நேத்து சாயங்காலம்."

அவள் குரல் எடுத்தது. மைரமும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சபீராவும் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்; சூயுன்பை பெரியப்பா அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு குதிரை கொடுத்தவர்.

அழுகை தணிந்ததும் அத்தை முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தாள்.

"இருட்டோட ரெண்டு பேரும் என் வாசல்ல வந்து நின்னப்பவே தெரியும். ஒருத்தன் நெஞ்சுங்கறான், ஒருத்தி வயிறுங்கறா. நானும் கேக்கலை. கேக்காத வரைக்கும் அவன் இருந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

"ஒன்றரைக்கு."

"இப்போ?"

"பத்து ஐம்பது."

அவள் எழுந்து நின்றாள். "அப்போ இந்த இறைச்சி வேகற வரைக்கும் உக்காந்திருக்கச் சொல்றியா? என் அண்ணன் முகத்தைப் பாக்காம மண்ணை மூடிட்டா, குபாட், உன் ஆட்டை நான் என்ன பண்றது?"

குபாட் வாதாடவில்லை. ஆனாலும் கறியைப் பச்சையாகத் துணியில் கட்டிக் காரில் ஏற்றும் வரை விடவில்லை. அதற்கும், பெரியவர்கள் எழுந்து கையேந்தி வேண்டிக்கொள்வதற்கும், வாசலில் மறுபடி ஒவ்வொருவராகத் தழுவிக்கொள்வதற்கும் அரை மணி நேரம் போயிற்று. சபீரா கேபிளைச் சுருட்டியபோது திரை நாற்பத்தொன்று காட்டியது. ஒன்றரை மணி நேரம், நான்கு சதவீதம், ஒரு ஆடு.

"நான் ஓட்டறேன்," என்றாள்.

தாலாய் சாவியை நீட்டினான். அவன் எதிர்த்துப் பேசாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

*

அத்தைதான் முதலில் ஹீட்டரைப் பற்றிப் பேசினாள்.

"இது கரண்ட்டைத் தின்னுதா?"

"ஆமா அத்தை."

"காலையிலயிருந்தா?"

"ஆமா."

"அட முட்டாப் பசங்களா! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல. அணை அதை." மைரம் கொடுத்த இரண்டு மெத்தைப் போர்வைகளையும் அவள் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மூக்கு மட்டும் தெரிந்தது. "முட்டி போனாப் போகுது."

சபீரா ட்ராலிபஸ் ஓட்டுவது போல ஓட்டினாள். முன்னால் ஐந்நூறு மீட்டர் பார்த்து, பிரேக்கைத் தொடாமல், இறக்கத்தில் விட்டுப் பிடித்து. கண்ணாடி உள்ளேயே உறைந்தது. தாலாய் ஒரு அட்டையால் சுரண்டிக்கொண்டே வந்தான். ஆனால் சாலையில் புதுப்பனி மிதிபட்டுக் கிடந்தது, சக்கரங்கள் அதை அரைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. காற்று தெற்கிலிருந்து நேர் எதிரே. நாற்பது கிலோமீட்டரில் இருபத்தொரு சதவீதம் போய்விட்டது.

சாரி-புலாக்கில், கணவாய் அடிவாரத்தில், சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் தேநீர் வண்டிகளுக்கு எதிரே அவள் காரை நிறுத்தினாள். மணி பன்னிரண்டு ஐந்து. திரையில் இருபது.

"ஏன் நிறுத்தறே?" என்றான் தாலாய்.

"உச்சிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். எண்ணூறு மீட்டருக்கு மேல ஏத்தம். நல்ல நாள்ல பதினஞ்சு சதவீதம். இந்தப் பனியில, மூணு பேரோட, பதினெட்டோ இருபதோ."

"இருபது இருக்கே. உச்சிக்குப் போயிட்டா அந்தப் பக்கம் முழுக்க இறக்கம். நீதானே சொன்னே, கரண்ட் திரும்பி வரும்னு."

"கடைசி அஞ்சு சதவீதத்தைக் குளிர்ல நம்ப முடியாது. அஞ்சு காட்டும், சட்டுனு ரெண்டு காட்டும், அப்புறம் திரையில ஆமை படம் போட்டு நகரவே நகராது. மேலே வீடு இல்லை, போன் எடுக்காது."

"ரெண்டு சதவீதத்துக்காகவா?" அவன் குரல் உயர்ந்தது. "மூணு வாரமா என்கிட்ட என்ன சொன்னே? ஏறும் ஏறும்னு சொன்னியே! இப்போ ஏத்து."

சபீராவின் கைகள் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன. இப்போது நிறுத்தினால், வருகிற இருபது வருடத்துக்கு ஒவ்வொரு கல்யாணத்திலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்: சபீரா கரண்ட் கார் வாங்கப்போய்க் கணவாய் அடியில் நின்ற கதை. கார் நிச்சயம் கை நழுவிவிடும். ஏறிவிடலாம் என்றும் தோன்றியது. பத்தில் ஆறு முறை ஏறிவிடும். பதினேழு வருடத்தில் பத்தில் ஆறு என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு பஸ்ஸையும் எடுத்ததில்லை.

"நான் தனியா இருந்தா போயிருப்பேன்," என்றாள். "அத்தையை வச்சுக்கிட்டுப் போகமாட்டேன். இறங்குங்க, வண்டி பிடிப்போம்."

தாலாய் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினான்.

பின் இருக்கையிலிருந்து அத்தையின் கண்கள் கண்ணாடி வழியே சபீராவைப் பார்த்தன.

இரண்டு லாரிகள் எதிர்த் திசையில் போயின. ஒரு கார் நிற்காமல் போயிற்று. பன்னிரண்டு பதினைந்து. சபீரா சாலையின் நடுவே போய் நின்றாள். நரினுக்குப் போகும் வாடகை வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, அவளுக்கு இரண்டு அடி முன்னால் சறுக்கி நின்றது.

"ஏம்மா, சாகணும்னா வேற வண்டியே கிடைக்கலையா?" என்றார் ஓட்டுநர்.

"ஓன்-ஆர்ச்சால சாவு. கூடப்பிறந்த தங்கச்சி காருக்குள்ள இருக்காங்க. ஒன்றரைக்கு எடுக்கறாங்க. ரெண்டு இடம் வேணும்."

ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஏழு இடம், ஏழு பேர். யாரும் யாரையும் கேட்கவில்லை. நடு வரிசையில் இருந்த மீசைக்காரர் ஒருவர் மனைவியின் முழங்கையைத் தொட்டார், இருவரும் மூட்டையோடு இறங்கினார்கள். அத்தையைப் போர்வையோடு சேர்த்து ஏற்றினார்கள். தாலாய் ஏறும்போது சபீராவைப் பார்க்கவில்லை. கறி மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

வேன் பனிப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

*

தேநீர் வண்டிக்காரி ஒரு நீளமான ஒயரை வெளியே விட்டாள். சபீரா காரைச் செருகினாள். இறங்கிய தம்பதி அடுத்த வண்டி வரும் வரை காருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் நரினில் கால்நடை மருத்துவர். உட்கார்ந்ததுமே திரையை ஆராயத் தொடங்கினார்.

"இது எவ்வளவு ஆகுது?"

சபீரா விலையைச் சொன்னாள்.

"எவ்வளவு ஓடும்?"

"நானூறுன்னு சொன்னாங்க. இன்னைக்கு இருநூத்தம்பதுகூட வரலை."

"பேட்டரி போச்சுன்னா?"

"தெரியலை. யாருக்கும் தெரியலை."

"ம்ம்." அவர் மீசையைத் தடவினார். "அப்போ கரண்ட் காரும் கடைசியில எங்க பெட்ரோல்லதான் கணவாய் ஏறுது போல."

"சும்மா இருங்களேன்," என்றாள் அவர் மனைவி. "சாவுக்குப் போறவங்ககிட்ட."

சபீராவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் சொன்னது சரிதான். குபாட்டின் ஆடு, இந்த இருவரின் இடம், வேனின் பெட்ரோல். எண்ணாயிரம், ஆயிரம் என்று அவள் போட்ட கணக்கில் இவை எதுவும் இல்லை. ஆனால் பழைய கார் இதே இடத்தில் போன குளிர்காலத்தில் பெல்ட் அறுந்து நின்றபோதும், யாரோ ஒருவர்தான் இழுத்துக்கொண்டு போனார். அதையும் அவர்கள் கணக்கில் எழுதியதில்லை.

ஒரு மணிக்கு அந்தத் தம்பதிக்கு ஒரு கோதுமை லாரியில் இடம் கிடைத்தது. சபீரா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒன்று பத்து. இப்போது இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஒன்று இருபது. தொலைபேசியில் சிக்னல் கோடுகள் ஒன்றாகவும் பூஜ்யமாகவும் மாறின. இறங்கினாள், காரைச் சுற்றி நடந்தாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். தேநீர் வண்டிக்காரி கொடுத்த கிண்ணம் கையிலேயே ஆறிப்போயிற்று. ஒன்றரை. ஒன்று முப்பத்தைந்து.

தொலைபேசி அடித்தது. எர்மெக்.

"அக்கா, ஆறு மணின்னு சொன்னேன், ஆனா அந்த ஆள் இப்பவே வந்துட்டாரு, பணத்தோட. என்ன சொல்றீங்க? வேணுமா வேண்டாமா?"

"நீ இந்தக் காரை பலிக்சிக்கு அந்தப் பக்கம் ஓட்டியிருக்கியா?"

"நான் எதுக்கு அக்கா அங்கேயெல்லாம்..."

"அப்போ எழுதிக்கோ. கடுங்குளிர், மூணு பேர், ஹீட்டர், ஏத்தம். இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது. இதை அந்த ஆள்கிட்ட சொல்லு. சொன்ன பிறகும் வேணும்னா அவருக்கே கொடு. வேண்டாம்னா, அந்தத் தூரத்துக்கு என்ன விலையோ அதுக்கு நான் எடுத்துக்கறேன். ஊருக்குள்ள ஓட்டறதுக்கு எனக்கு அது போதும்."

"யாராவது வாங்க வந்தவர்கிட்ட இப்படிச் சொல்வாங்களா, அக்கா?"

"நானூறுன்னு நீ சொன்னதை நம்பித்தான் கிளம்பினேன். போனை வை, வேற அழைப்பு வருது."

தாலாய்.

முதலில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, தூரத்தில், பல பெண்களின் ஒப்பாரி. அதற்கு மேலே ஒரு குரல். யாருடையது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வந்துட்டோம்," என்றான். மூச்சு வாங்கியது. "தூக்கிட்டாங்க, அப்புறம் எங்களைப் பாத்துட்டு இறக்கி வச்சாங்க. முகத்தைத் திறந்து காட்டினாங்க. அத்தை பாத்துட்டாங்க, சபீரா. நான் போகணும், தோள் கொடுக்கணும்."

"போங்க, போங்க."

"உச்சியில ரொம்ப மோசம். வேனே ரெண்டு தடவை நின்னுடுச்சு." ஒரு நொடி. "நீ எத்தனையில இருக்கே?"

"இருபத்தஞ்சு."

"அவசரப்படாதே," என்றான்.

இரண்டரை மணிக்குத் திரை இருபத்தேழு காட்டியது. தேநீர் வண்டிக்காரி கரண்ட்டுக்குப் பணம் வாங்க மறுத்தாள். சாவு வீட்டுக்குப் போகிறவளிடம் வாங்கினால் தனக்கு ஆகாது என்றாள். சபீரா ஹீட்டரைப் போடாமல், கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வளைவுக்கு வளைவு எண் குறைந்தது. பாதி வழியில் சாலையே தெரியாத அளவுக்குக் காற்று பனியை வாரி அடித்தது. உச்சிப் பலகையைத் தாண்டியபோது திரையில் ஏழு.

அவள் அங்கே நிற்கவில்லை. ஆனால் இறக்கத்தில் இறங்கும்போதுதான் கழித்துப் பார்த்தாள்: ஒருத்தியாக வந்து, ஹீட்டர் இல்லாமல், போனது இருபது. மூன்று பேரோடு அடிவாரத்தில் நிறுத்தியபோது இருந்ததும் அதே இருபது. ஊர் எல்லை வரும் வரை அதையே திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தாள்.

ஓன்-ஆர்ச்சாவில் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். கார் வந்து நின்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அடுப்படியில் பெண்கள் பெரிய அண்டாக்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு மருமகள் அவள், வந்ததுமே கை கொடுக்க வேண்டியவள். ஆனால் முதலில் துக்கத்துக்காக முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குப் போனாள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் குனிந்து அழுதுகொண்டே நுழைந்தாள், அவர்களும் அவளோடு மறுபடி அழுதார்கள்.

அசில்கான் அத்தையின் குரல் முழுக்கக் கம்மிப் போயிருந்தது. நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்துட்டியா? உக்காரு. கையைக் கொடு, ஐஸ் மாதிரி இருக்கு." அவள் சபீராவின் இரண்டு கைகளையும் தன் கம்பளிச் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். "கார் எங்கே?"

"வாசல்ல நிக்குது, அத்தை. பிளக் போடணும்."

"நிக்கட்டும்," என்றாள் அத்தை.